பழைய பர்மா அரக்குப் பெட்டி: எந்தக் கோளாறுக்கு வீட்டில் என்ன செய்யலாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கியவர்கள் இந்தப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உருளை வடிவம், சிவப்பும் கறுப்பும், உடம்பு முழுக்க நுணுக்கிக் கீறிய வேலைப்பாடு, கிட்டத்தட்ட அடிவரைக்கும் இறங்கும் மூடி, உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு. பர்மாக்காரர்களின் வெற்றிலைப் பெட்டி. அங்கே குன்-இட் என்பார்கள், செட்டிநாட்டு வீடுகளில் இந்த மாதிரி அரக்குச் சாமான்களுக்கு மரவை என்று பெயர். கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டுக்கு வியாபாரம் செய்யப் போன குடும்பங்கள் ரங்கூனிலிருந்தும் மாண்டலேயிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்தவை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு அந்த வரத்து நின்றுபோனது, அதனால் இப்போது கடைக்கு வருவதில் பெரும்பாலானவை எண்பது வயதைத் தாண்டியவை.

நான் வாங்கியது ஒரு பக்கம் பொருக்கு விட்டு, மூடி பாதியில் சிக்கி, உள்ளே சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடந்த ஒன்று. அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதை, உங்கள் பெட்டியில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தேடிப் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள், ஏனென்றால் இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாமே தவறாகிவிடும்.

எதற்கும் முன்னால்: இது எந்த அரக்கு?

தமிழில் அரக்கு என்று ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருளைச் சொல்கிறோம். ஒன்று பூச்சி அரக்கு. மரக்கிளையில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின், சன்னபட்டணா பொம்மையிலும் ஏட்டிகொப்பாக்கா பொம்மையிலும் கடைசல் பட்டறையில் சுற்றவிட்டு ஏற்றுவது இதுதான், தச்சர்கள் பூசும் ஷெல்லாக்கும் இதுதான். இது சூட்டில் இளகும், ஸ்பிரிட்டில் கரையும்.

இன்னொன்று மரப்பால் அரக்கு. பர்மாவில் தித்சி என்ற மரத்தைக் கீறி எடுக்கும் பால். ஜப்பானிலும் சீனாவிலும் வேறு மரம், வியட்நாமில் இன்னொரு மரம், ஆனால் எல்லாமே நம் மாமரமும் முந்திரியும் சேராங்கொட்டையும் சேர்ந்த அதே குடும்பம். இந்தப் பால் பெயிண்ட் மாதிரி காய்வதில்லை. காற்றில் ஈரம் இருந்தால்தான் அதிலுள்ள நொதி வேலைசெய்து அது இறுகும், அதனால்தான் பர்மாவில் அரக்கு வேலைக்குப் பேர்போன பகான் ஊரில் பூசிய சாமானை வெயிலில் வைக்காமல் நிலவறைக்குள் நாள்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள். ஒரு தடவை இறுகிவிட்டால் ஸ்பிரிட், தின்னர் எதற்கும் லேசில் அசையாது. அதற்குத் தெரிந்த பெரிய எதிரி வெயில்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பெட்டியின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத ஓரத்தில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுப் பிழிந்த காது பட்ஸை பத்து விநாடி வைத்து எடுங்கள். இடம் பிசுபிசுத்தால் பூச்சி அரக்கு, அல்லது மரப்பால் அரக்கின் மேல் முந்தின சொந்தக்காரர் யாரோ பாலிஷ் அடித்திருக்கிறார். ஒன்றும் ஆகாமல் பட்ஸில் வெறும் அழுக்கு மட்டும் வந்தால் மரப்பால் அரக்கு. உடைந்த இடம் ஏதாவது இருந்தால் லென்ஸ் வைத்து உள்ளே பாருங்கள்: மெல்லிய மூங்கில் சிம்பு சுருள் சுருளாகவோ பாய் மாதிரிப் பின்னியோ தெரியும், அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டிப் பூச்சு, அதற்கும் மேல் கறுப்பு, சிவப்பு. நடுவில் இருக்கும் அந்தச் சாம்பல் பூச்சுக்குத் தாயோ என்று பெயர். மரப்பாலில் எலும்புச் சாம்பல், சாணச் சாம்பல், உமிச்சாம்பல், மரத்தூள் இப்படி எதையாவது குழைத்துப் பூசுவது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நல்ல பகான் வேலை என்றால் கோப்பையின் வாயை அழுத்தினால் எதிர் விளிம்பு இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருப்பீர்கள். குதிரை மயிரைச் சேர்த்துப் பின்னியதில் அது நிஜம்தான். உங்கள் எண்பது வருடப் பெட்டியில் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

அப்புறம், கீழே சொல்லும் எல்லா வேலைக்கும் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். உதிரும் ஒவ்வொரு பொருக்கும் அந்தத் துணியில் தெரியும். அதைப் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் போட்டு, எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று அதன் மேலேயே எழுதிவையுங்கள். தொடங்கும் முன் நாலாபக்கமும் போட்டோ எடுங்கள்.

மூடி திறக்கவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

கத்தி விடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். மூடியும் உடம்பும் மூங்கில், ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும். கடலோர ஊரில் மழைக்காலத்தில் வாங்கிவந்த பெட்டி என்றால் பத்துப் பதினைந்து நாள் நிழலில், காற்றோட்டமான அறையில் சும்மா வைத்தாலே பல சமயம் தானாக விடும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைத்து அவசரப்படுத்தினால் மூடி விடுவதற்குள் பூச்சு வெடிக்கும்.

இன்னொரு காரணம், நல்ல பெட்டிகளில் மூடி அவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கும், வேகமாக இழுத்தால் உள்ளே காற்று வெற்றிடமாகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, ஒரு மயிரிழை ஒரு பக்கம், ஒரு மயிரிழை மறு பக்கம் என்று ஏற்றிக்கொண்டே வாருங்கள். திருகக் கூடாது, திருகினால் உட்புறப் பூச்சைக் கீறும். பக்கத்து வீட்டு ஆச்சி என் பெட்டியைப் பார்த்ததும் முதலில் கேட்டதே இதைத்தான்: "மூடியத் தூக்கி விட்டா தானா, மெதுவா இறங்குதா?" அந்த இறக்கம்தான் வேலைக்காரனின் கைத்தரம். உள்ளே அடைபட்ட காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, மூடி மூச்சுவிடுகிற மாதிரி இறங்கும்.

சுண்ணாம்போ பழைய பிசினோ ஒட்டிப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால், இடுக்கில் பட்டர் பேப்பர் துண்டை நுழைத்து மெல்லச் சுற்றி வாருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கேதான் பிடிப்பு. அந்த இடத்தில் மட்டும் மூங்கில் சீவலால் சுரண்டலாம்.

மூடியின் வாய் கோணி நீள்வட்டமாகிவிட்டது என்றால் வீட்டில் நிமிர்த்த முயல வேண்டாம். மூடியைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது, பலவந்தமாகப் பொருத்தினால் இரண்டும் போய்விடும்.

துடைத்த இடத்தில் வெள்ளை படர்ந்துவிட்டது

இது எனக்கே நடந்தது. முதல் நாள் ஆர்வத்தில் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து மூடியைச் சுற்றித் துடைத்தேன். முக்கால் பாகம் அழகாகப் பளபளத்தது. ஒரு பக்கம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்ததும் சாம்பல் பூத்துவிட்டது. உற்றுப் பார்த்தால் அந்தப் பக்கத்துச் சிவப்பு ஏற்கெனவே மற்ற பக்கத்தைவிட வெளுத்திருந்தது. அதாவது பல வருடம் ஏதோ ஒரு சன்னல் ஓரத்தில் அந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து நின்றிருக்கிறது.

வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் மரப்பால் அரக்கின் மேல்தோலை உடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும், தோல் அமிலத்தன்மை ஏறி, ஒரு காலத்தில் தண்ணீரையே உள்ளே விடாத பூச்சு இப்போது தண்ணீர் பட்டாலே வெளுக்கும். ஆகவே துடைக்கும் முன் எந்தப் பக்கம் வெயில் பட்டது என்று பாருங்கள். நிறம் மங்கி, விரலால் தடவினால் சொரசொரப்பாக, பளபளப்பே இல்லாமல் இருக்கும் பக்கத்தில் தண்ணீரே வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? முழுசாகத் திரும்பாது. நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு வாரம் போகட்டும், நுண்படிக மெழுகை (மைக்ரோகிரிஸ்டலின் வேக்ஸ்) அரிசி அளவு எடுத்துப் பருத்தித் துணியில் தேய்த்து, அந்தத் துணியால் வெளுத்த இடத்தை மிக மிக லேசாக ஒற்றி, பிறகு வேறு துணியால் துடைத்தால் விரிசலுக்குள் ஒளி சிதறுவது குறைந்து நிறம் ஓரளவு திரும்பும். எனக்குப் பாதிக்கு மேல் திரும்பியது. பொருக்கு நிற்கும் இடத்திலும் தங்கத் தகடு ஒட்டிய இடத்திலும் இதைச் செய்யவே கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போட்டால் அன்றைக்குப் பளபளக்கும், ஆறு மாதத்தில் தூசியை இழுத்துப் பிசுக்காகும், பின்னால் ஒட்டவேண்டிய இடத்தில் பசை பிடிக்காது.

மேலே பிசுபிசுப்பான பழுப்புப் படலம்

வெயில் படாத, கெட்டியாக இருக்கும் இடத்தில்தான் இந்த வேலை. முதலில் உலர்ந்த தூரிகை. பிறகு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சைத் தொட்டு, உள்ளங்கையில் உருட்டி ஈரம் போக்கி, ரூபாய் நாணய அளவு இடத்தில் உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டினால் போதும். உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த நாணய அளவு. தண்ணீரில் வராத அழுக்கு எச்சிலில் வரும், கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் அருங்காட்சியகங்களிலேயே செய்வதுதான், எச்சிலில் இருக்கும் நொதி அழுக்கை விடுவிக்க உதவும். பிறகு தண்ணீர்ப் பஞ்சால் ஒரு தடவை எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய்ப் படலம் என்றால் மினரல் டர்பன்டைன் ஒரு துளி. ஸ்பிரிட் சோதனையில் பிசுபிசுத்த பாலிஷ் படலம் என்றால் ஆல்கஹாலில் அது கரையும், ஆனால் அங்கே யோசியுங்கள்: அந்தப் பாலிஷ்தான் நிற்காத பொருக்கைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் அதை எடுக்கவில்லை.

பஞ்சில் சிவப்போ மஞ்சளோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். யுன் என்ற கீறல் வேலையில், எழுத்தாணி மாதிரிக் கம்பியால் கோடு கீறி, அந்தக் கோட்டுக்குள் நிறத்தைத் தேய்த்து நிரப்புவார்கள். பழைய சிவப்பு சாதிலிங்கம், அது பாதரசச் சேர்மம். பழைய மஞ்சள் அரிதாரம், ஆர்செனிக். பச்சை வேண்டுமென்றால் அந்த அரிதாரத்தோடு அவுரி நீலம். அந்தப் பஞ்சை மூடிய பையில் போட்டு எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். இதே காரணத்துக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் எண்ணமே வேண்டாம், கோலமும் போகும், அந்தத் தூள் உங்கள் மூச்சிலும் போகும்.

கறுப்பின் மேல் தங்கத்தில் படம் வரைந்த மாதிரி இருந்தால் அது ஷ்வே-ஸவா. தங்க ரேக்கு மெல்லிய பிடிப்பில் ஒட்டியிருப்பது. தூசியை ஊதக்கூட வேண்டாம், மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய தூரிகை நுனியால் தங்கம் இல்லாத இடத்தில் மட்டும் தொடுங்கள்.

பூஞ்சை வாடை, வெள்ளைப் பொட்டுப் பொட்டாக

பூஞ்சையா, மெழுகு பூத்ததா என்று முதலில் பாருங்கள். லென்ஸில் பஞ்சு மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. முகக்கவசம் போட்டு, வாசலில் காற்று உங்களிடமிருந்து வெளியே போகும் திசையில் உட்கார்ந்து, உலர்ந்த தூரிகையால் எடுங்கள். கெட்டியான மரப்பால் அரக்கு என்று சோதித்து உறுதியான இடத்தில் மட்டும் எழுபது சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு தடவை உருட்டலாம்.

வாடைக்கு வெயிலில் வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூடியைத் திறந்து நிழலில் வைத்து, உள்ளே ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரி போடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்துருண்டை போட்டால் வாடையின் மேல் வாடை சேரும், அவ்வளவுதான்.

உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கிறது

எலுமிச்சம்பழமும் வினிகரும் நினைவுக்கு வரும். சுண்ணாம்பு கரையும்தான். ஆனால் முன்னால் சொன்ன தாயோ பூச்சில் எலும்புச் சாம்பலும் இருக்கலாம், விரிசல் வழியே புளிப்பு இறங்கினால் அதையும் தின்னும், அப்புறம் மேல் பூச்சு நிற்க அடியில் ஒன்றும் இருக்காது. மூங்கில் குச்சியை உளி மாதிரி சாய்த்துச் சீவி, தானாகப் பெயர்கிற அளவுக்கு மட்டும் எடுங்கள். என் பெட்டியில் மேல்தட்டின் ஒரு மூலையில் விரலால் சுண்ணாம்பைத் தொட்டு எடுத்த தடம் அப்படியே இறுகியிருந்தது, வளைந்த ஒரு பள்ளம், சின்ன விரல் என்பதால் ஒரு பெண்ணுடையதாக இருக்கலாம். அதை விட்டுவிட்டேன்.

விரிசல்

விரிசல் போகும் திசையைப் பாருங்கள். படுக்கைவாட்டில் வளையமாகப் போனால் உள்ளே சுருள் மூங்கில் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கிறது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பின்னல் மேலே எழும்புகிறது. நேராக மேலிருந்து கீழே போனால் மரச்சட்டம், இழை வழியே பிளந்திருக்கிறது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு மேல்தோலில் மட்டும் என்றால் அது வயது, அதற்கு மருந்து தேவையில்லை.

திறந்துகொண்டு நிற்கும் விரிசலில் புட்டி அடைப்பது பெரிய தவறு. வறண்ட காலத்தில் அகன்ற விரிசலை அடைத்துவிட்டால் மழைக்காலத்தில் மூங்கில் உப்பும்போது அதற்குப் போக இடம் இல்லாமல் பக்கத்துப் பூச்சைத் தள்ளும். முதலில் ஈரத்தை மெல்ல ஏற்றிப் பாருங்கள். மூடிபோட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதன் மூலையில் ஒரு கிண்ணத்தில் உப்பைக் கொட்டிச் சேறு மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர். ஈர உப்பு மூடிய இடத்தின் ஈரப்பதத்தை எழுபத்தைந்து சதவீதத்தில் பிடித்து நிறுத்தும், அது உப்பின் இயல்பு. பெட்டி உப்பைத் தொடாமல் ஒரு தட்டின் மேல் இருக்க வேண்டும். மூன்று நான்கு நாள், தினமும் திறந்து பூஞ்சை வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு மேல் வைக்கக் கூடாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை டப்பாவுக்குள் போட்டால் நிம்மதி. என்னுடையதில் நகக்கண் அளவு திறந்திருந்த வளைய விரிசல் மூன்றாம் நாள் கோடாகிவிட்டது. அதை அப்படியே விட்டேன், வீட்டில் ஈரப்பதம் ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் இருக்கிற அலமாரியில் அது இன்னும் கோடாகவே இருக்கிறது.

பொருக்கு எழும்பி நிற்கிறது, தொட்டால் உதிரும்

வீட்டில் நாம் உண்மையிலேயே பெட்டியைக் காப்பாற்ற முடிகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பசையாக நான் பயன்படுத்துவது சாதாரண சமையல் ஜெலட்டின். தச்சர்களின் வஜ்ஜிரம் இதன் முரட்டு அண்ணன், இரண்டும் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. நாளைக்கு வேறு யாராவது இதைவிட நன்றாகச் செய்ய வந்தால் வெதுவெதுப்பான ஈரத்தில் இது கழன்றுவிடும், அதற்காகத்தான் இது. உடனடிப் பசை எதையும் கிட்டவே கொண்டுவராதீர்கள், அது கண்ணாடியாக இறுகி, அடுத்த முறை பூச்சு நெளியும்போது பக்கத்து இடத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு பாகம் கலந்து பிசையும் எபாக்சி களிமண்ணும் அப்படித்தான். மரவேலை வெள்ளைப் பசை காய்ந்தபின் லேசில் பிரியாது.

ஒரு தேக்கரண்டி ஜெலட்டினை ஐம்பது மில்லி தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, கிண்ணத்தோடு சுடுதண்ணீரில் வைத்து உருக்குங்கள். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும், விரல் பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

பொருக்கின் விளிம்பில் முதலில் தண்ணீரும் ஆல்கஹாலும் சரிபாதி கலந்ததை, நுனி மெல்லிய தூரிகையால் ஒரு துளி. அது விறுவிறுவென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், பசைக்கு வழி போட்டுக்கொடுக்கும். உடனே அதே இடத்தில் சூடான ஜெலட்டின் ஒரு துளி. லென்ஸ் வழியாகப் பார்த்தால் பொருக்கின் அடியில் ஈரம் கறுப்பாகப் பரவுவது தெரியும், எதிர் விளிம்பில் அது எட்டிப்பார்த்தால் போதும். வெயில் பட்ட பக்கம் என்றால் பரப்பில் சொட்டாமல் விளிம்புக்குள் மட்டும் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரிரு நிமிடத்தில் பொருக்கு வளைந்துகொடுக்கும். விரலால் அழுத்திப் பார்க்கக் கூடாது, அதன் மேல் போட்டோ பிலிம் மாதிரி இருக்கும் பாலியெஸ்டர் தாள் ஒரு துண்டு, பழைய ஓஎச்பி தாள் (புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் கண்ணாடி மாதிரித் தாள்) நன்றாக உதவும், அதன் மேல் மிளகு அளவு வெட்டிய ரப்பர். இப்போது அதை இருபத்துநாலு மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உருண்டையான பெட்டியில் கிளாம்ப் எங்கே போடுவது? ஜப்பானில் இதற்கு மரச்சட்டத்துக்குள் சாமானை வைத்து, சட்டத்துக்கும் சாமானுக்கும் நடுவே மூங்கில் குச்சிகளை வில்லாக வளைத்துச் செருகுகிறார்கள், ஷிம்பாரி என்று பெயர். நம் வீட்டில் அதற்கு ஈர்க்குச்சி இருக்கிறது! பழைய பழக்கூடைப் பலகைப் பெட்டிக்குள் அரக்குப் பெட்டியைத் துணியில் இருத்தி, புதுத் துடைப்பத்து ஈர்க்குகளை வேண்டிய நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனை பலகையில், மறு முனை ரப்பரின் மேல். ஈர்க்கு லேசாக வளைந்து நிற்கும் அளவுதான் அழுத்தம். கூடுதல் அழுத்தம் வேண்டுமென்றால் அரை விரற்கடை நீளமாக நறுக்கினால் போதும். ஒரு தடவையில் ஐந்தாறு பொருக்குக்கு மேல் எடுக்காதீர்கள். எனக்கு ஒரு பக்கம் முடிய பதினோரு நாள் ஆனது, ஒவ்வொரு நாளும் ராத்திரி அந்தப் பெட்டிக்குள் முள்ளம்பன்றி மாதிரி ஈர்க்கு நின்றது.

மறுநாள் வழிந்த பசையை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பஞ்சால் உருட்டி எடுங்கள். பொருக்கு விறைத்து வளையவே மறுத்தால் முதல் நாள் அதை உப்புக் கிண்ண டப்பாவில் வைத்து எடுத்தபின் மறுபடி முயலுங்கள், ஈரத்தில் கொஞ்சம் இளகும். பசை போட்ட பெட்டியை ஒரேயடியாக ஈரமான இடத்தில் வைக்காதீர்கள், ஜெலட்டின் பூஞ்சைக்குச் சாப்பாடு.

ஒரு துண்டே போய்விட்டது, மூங்கில் தெரிகிறது

முதலில் தீப்பெட்டியில் தேடுங்கள். துண்டு இருந்தால் மேலே சொன்ன மாதிரி ஒட்டிவிடலாம்.

இல்லை என்றால், அசல் மரப்பால் வாங்கிப் பூசிப் பார்க்கலாமா என்று எல்லோருக்கும் தோன்றும். மாங்காய்ப்பால் பட்டு உதட்டோரம் வெந்ததை நினைத்துப் பாருங்கள். சேராங்கொட்டை பட்டுத் தடித்த கையைப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. இறுகாத மரப்பால் அதே குடும்பத்து நஞ்சு, சிலருக்கு முகம் வீங்கிக் கண் மூடும் அளவுக்குப் போகும். இறுகிய பழைய பெட்டியைத் தொட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது. திரவமாக இருக்கும் பாலைப் பழகாத வீட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் எடுக்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு தடவை பூசிவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது.

அதற்குப் பதில்: பள்ளத்தில் ஜெலட்டின் இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். சாக்பீஸை நுணுக்கி மெல்லிய துணியில் சலித்து, கொஞ்சம் விளக்குக் கரி சேர்த்து, அதே ஜெலட்டினில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, மெல்லிய படலமாக ஒன்று, காய்ந்தபின் இன்னொன்று. கெட்டியாக ஒரே தடவை அப்பினால் சுருங்கி வெடிக்கும். மட்டம் செய்ய உப்புத்தாள் தேவையில்லை, லேசாக ஈரம் தொட்ட பாட்டில் கார்க்கால் தடவினால் பூச்சு மட்டும் கரைந்து சமமாகும், பக்கத்து அரக்குக்குக் கீறல் படாது. அதன் மேல் கறுப்பு கலந்த ஷெல்லாக் இரண்டு கை. நம்மூர்ப் பூச்சி அரக்கை அங்கத்து மரப்பால் அரக்கின் மேல் போடுவது இதற்காகத்தான், ஸ்பிரிட் தொட்டால் ஒன்று வரும், மற்றது அசையாது.

கோலத்தைத் தொடர்ந்து கீறிச் சேர்க்காதீர்கள். வெறும் கறுப்பாகவோ சிவப்பாகவோ விட்டால் தள்ளி நின்று பார்க்கும்போது கண் தானாகத் தாண்டிப்போகும், கிட்டே வந்தால் எது பழையது எது புதியது என்று தெரியும். அது தெரிய வேண்டும்.

பொடி கொட்டுகிறது, குண்டூசித் துளை

மூங்கிலை அரிக்கும் வண்டு. பெட்டியைக் கறுப்புக் காகிதத்தில் ஒரு வாரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். புதுப் பொடி விழவில்லை என்றால் பழைய கதை, தூரிகையால் தட்டிவிட்டு நிறுத்தலாம். விழுந்தால், தடித்த, காற்று புகாத பையில் உணவுப் பொட்டலங்களில் போடும் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்களைத் தாராளமாகப் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, நான்கு வாரம். பொட்டலம் பெட்டியைத் தொட வேண்டாம், வேலைசெய்யும்போது சூடாகும். பூச்சி மருந்தை ஊசியில் ஏற்றித் துளைக்குள் விடுவது மரக்கட்டிலுக்குச் சரி, இங்கே அந்த எண்ணெய் பூச்சின் அடியில் பரவிக் கறையாக நிற்கும். வேறு மரச்சாமான், கூடை, முறம் இருந்தால் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

முடிந்தது, மறுபடி வெற்றிலை வைக்கலாமா?

வீட்டில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். வேண்டாம். ஈர வெற்றிலை, சுண்ணாம்பு இரண்டுமே பழுதான பூச்சுக்கு ஆகாது, உட்புறச் சிவப்பு சாதிலிங்கமாக இருந்தால் உங்களுக்கும் ஆகாது. முறுக்கு, பாக்கு, மிட்டாய் எதுவும் வேண்டாம். பட்டர் பேப்பர் விரித்து நூல்கண்டு, பித்தான், சாவி, பழைய கடிதம் வைக்கலாம்.

சன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள், ஏசிக்கு நேர் கீழேயும் வேண்டாம், பூஜை விளக்குப் பக்கத்திலும் வேண்டாம். தூக்கும்போது மூடியைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அடியில் கை கொடுக்கச் சொல்லுங்கள். என் பெட்டி கண்ணாடி அலமாரியில், வெளுத்த பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது. மாதம் ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டுகிறேன். மூடியைத் தூக்கி விட்டால் முக்கால் தூரம் தானாக இறங்குகிறது, கடைசிக் கால்பங்குக்கு மட்டும் விரலால் தொட வேண்டியிருக்கிறது.